எக்ஸ்ரே அறையில் உன் இடத்தில் நான்

என் பிலோமி அக்காவுக்கு,

எங்கே இருந்து இதைக் கேட்கிறாயோ தெரியாது. ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் நீ பார்த்த எக்ஸ்ரே அறை ஆயா வேலையை, நீ போன பிறகு எனக்கே கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வக்கில்லை. உன் மகள் ஸ்டெல்லா என்னிடம்தான் வளர்கிறாள்.

மூச்சுத் திணறும் பச்சைப்பிள்ளைகளைப் பலகையில் கிடத்தி, அசையாதபடி வெறுங்கையால் பிடித்துக்கொள்வாய். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கையுறை பாட்டுக்கு ஆணியில் தொங்கும். "அத்த மாட்டிகினா புள்ள வழுக்கினு பூடும்டி" என்பாய். பழைய படங்களில் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் உன் விரல் எலும்புகள் வெள்ளையாக விழுந்திருக்கின்றன. அந்த விரல்கள்தான் முதலில் வறண்டன. பிறகு வெடித்து ஆறாத புண்ணாயின. ஒரு விரலை எடுத்தார்கள், அப்புறம் கையை. அப்புறம் உன்னையே தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரேதான் காரணம் என்று உன்னிடம் ஒருவராவது வாய் திறந்து சொன்னதுண்டா?

இப்போது புது டாக்டரம்மா வந்திருக்கிறார். வந்ததும் உன் கையைப் பற்றித்தான் விசாரித்தார். கதிர் பெரியவர்களைவிடப் பிள்ளைகளைத்தான் அதிகம் கெடுக்குமாம். அதனால் ஒரே படம், அதுவும் தெளிவாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பிள்ளையைத் துணியால் பலகையோடு சுற்றிக் கட்டுகிறோம். வயிற்றுக்குக் கீழே கதிர் படாமல் மூட ஈயத் தகடு. கதிர் நெஞ்சில் மட்டும் விழும்படி அது வரும் வாயைக் குறுக்குகிறார் எக்ஸ்ரேக்காரர் வரதன். பிள்ளை மூச்சை இழுக்கும் நேரம் பார்த்து சுவிட்சை அழுத்தினால் படம் பளிச்சென்று வருகிறது. இதையெல்லாம் நீ இருக்கும்போதே செய்திருந்தால் யார் குடி முழுகிப் போயிருக்கும்? எனக்கு வயிறு எரிகிறது அக்கா.

நேற்று காசிமேட்டிலிருந்து ஒரு ஆண் பிள்ளை வந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கட்டினேன், படம் எடுத்தோம். கழுவிப் பார்த்தால் வலது நெஞ்சில் வட்டமாக ஒரு வெள்ளை. பார்க்க வேண்டிய இடமே மறைந்துவிட்டது. பிள்ளை கழுத்திலிருந்த மாதா மெடலை நான் முன்பே கழற்றி அப்பன்காரனிடம் கொடுத்திருந்தேன். நான் தகடு எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவன் அதைத் துணிக்குள் செருகியிருக்கிறான்.

"மாதா கூட கீறாங்கன்னா புள்ளைக்குத் தெம்பா இருக்கும்னுதாம்மா வெச்சேன்" என்று அழுதான். அவனை என்னவென்று திட்டுவது? நீயும் நானும் அதையேதான் செய்திருப்போம்.

இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும். மெடலை எடுக்கக் கட்டை அவிழ்த்ததும் பிள்ளை கையைக் காலை உதறியது. "துணிய வுடு, கைய வெச்சிப் புடி தெரசா! கொயந்த நீலமாயிகினு கீது!" என்று வரதன் கத்தினார். என் கை தானாக நீண்டது. தொடுவதற்குள் இழுத்துக்கொண்டேன். "மாட்டேன் சார்" என்று சொல்லி மறுபடியும் சுற்றினேன். அவசரத்தில் முடிச்சு விழவே மாட்டேன் என்றது.

படம் தெளிவாக வந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருந்தது. டாக்டரம்மா ஊசி குத்திக் காற்றை எடுத்தார். சாயங்காலம் பிள்ளை போய்விட்டது.

"நீ கட்டுன நேரத்தால இல்ல தெரசா. வரும்போதே கைமீறிடுச்சு" என்றார் டாக்டரம்மா. நிஜத்தைச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா? நீயாக இருந்தால் யோசிக்காமல் பிடித்திருப்பாய். பிழைத்திருக்குமா அக்கா?

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தினமும் பார்க்கிறாள். "இன்னிக்குப் புடிச்சியா சித்தி?" என்றாள். "இல்லடி" என்றேன். அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

நாளைக்கும் ஒரு பிள்ளை வரும். வரதன் கத்துவார், அப்பன்காரன் காலில் விழுவான். நீயே கனவில் வந்து ஏசினாலும் சரி, கட்டித்தான் எடுப்பேன், கையால் பிடிக்க மாட்டேன். இது உனக்குச் செய்யும் சத்தியம். ஸ்டெல்லா இன்னொரு அம்மாவையும் பறிகொடுக்க வேண்டாம்.

உன் கூடப்பிறந்தவள்,
தெரசா