அக்காவோடு நான் கோவம்

என்னோடு கதைக்காமலே போய்விட்ட என் அக்காவுக்கு,

நேற்று நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள். உடுவிலில் உங்கள் வீட்டில் கிருத்தியம் நடந்த நேரம், நான் மூன்று நாலு மைல் தள்ளித் திருநெல்வேலியில் என் வீட்டுச் சுவாமி விளக்கின் முன் தேவாரம் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

எங்கள் ஊரில் உறவு ஒரேயடியாக முறிவதில்லை; படிப்படியாகச் சொல் மாறும். முதலில் "அவையோடை கோவம்." பிறகு "கதை பேச்சு இல்லை", "போக்குவரத்து இல்லை." கடைசியில் "நல்லது கெட்டதுக்கும் இல்லை." அதற்கப்பால் சொல் கிடையாது. முதற்சொல் உறவுக்காரருக்கு மட்டும்தான். பிறத்தியாரோடு யார் கோவம்?

உங்கள் மகனின் கலியாணத்தை எனக்குப் போனில் சொன்னீர்கள்.

"நீ வீட்டு ஆள்தானேயடி, உனக்கும் வந்து சொல்லவேணுமோ?"

"வீட்டு ஆளெண்டபடியாத்தான் வந்து சொல்லவேணும்."

அத்தானின் ஆட்கள் வீடெல்லாம் ஏறி இறங்கிய உங்களுக்கு, என் வீட்டுக்கு வர இடையில் கடலா கிடந்தது? நான் கலியாணத்துக்கு வரவில்லை. வீட்டுக் கணக்கைப் போல எத்தனை தரம் கூட்டிப் பார்த்தாலும் என் பக்கம் பிழை வரவில்லை.

அதன்பின் கோயில் திருவிழாவில் எதிரெதிரே நின்று கும்பிட்டோம். வெறும் கோவம்தான், தீரும் என்றிருந்தேன். நீங்கள் சொல்லாமலே கடைசிப் படிக்கு இறங்கியிருந்தீர்கள்.

செத்தவீட்டில்தான் அது தெரிந்தது. வாய்க்கரிசி போடப் பெண்களோடு நின்றேன். உங்கள் மகன் காதோடு சொன்னான்.

"சின்னம்மா, குறை நினையாதேங்கோ. நீங்கள் அரிசி போடவேண்டாமாம். அம்மா ஆசுப்பத்திரியிலை சொன்னவ."

"என்னெண்டு சொன்னவ?"

"நல்லது கெட்டதுக்கும் இல்லையெண்டு."

பக்கத்தில் நின்ற மாமிக்குக் கேட்டுவிட்டது. "நீ போடன், பிள்ளை, செத்தவ எழும்பித் தடுக்கப்போறாவே?"

கையில் எடுத்த அரிசியைத் தட்டிலேயே திரும்பப் போட்டேன். சொன்னது நீங்களல்லவா?

மூச்சுக்குத் தவித்த நேரத்தில் அந்தச் சொல்லுக்கு மட்டும் எங்கிருந்து மூச்சு வந்தது, அக்கா? அப்போதும் என்னை நினைத்தீர்களே, அதை நான் என்னவென்று எடுப்பது?

உங்கள் பேரன் தவழத் தொடங்கிவிட்டான். சந்தையில் உங்கள் மருமகள் பிள்ளையைக் காட்டினாள், கையில் தரவில்லை. முகத்தைச் சுழிக்கும்போது அவன் அப்படியே நீங்கள்.

உங்கள் சொல்லை நான் ஏற்கவில்லை. வருகிற திவசத்துக்குக் கோயிலில் உங்கள் பெயரில் மோட்ச விளக்கு ஏற்றுவேன். அன்றைக்கும் கோவத்தோடுதான் ஏற்றுவேன். அதற்குக் கீழே ஒரு படியும் இறங்கமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்களோடு கோவமாயிருக்கும்
உங்கள் தங்கச்சி