தாழ்ப்பாள் போன குளியலறை

ஆவணி 6, வெள்ளி. விடியும்போதே புழுக்கம்.

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். மகன் செல்வராசு, ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான். மருமகள் கோமதி. திருச்செங்கோட்டிலிருந்து நேற்று வந்த மகள் சரோசா. வேறு ஒரு சுடுகுஞ்சு கிடையாது. நாளைக்கு எவளாவது நானும் இருந்தேன் என்று கதை சொன்னால் பொய்.

குளியலறையில் எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்து முடித்து எழுந்தேன். கால் போய்விட்டது. துண்டு போடும் கம்பியைப் பிடித்தேன். அது சுவரை விட்டுக் கையோடு வந்தது. இடுப்பு தரையில். தலையில் அடியில்லை.

செல்வராசு தோளால் மோத, நிலையில் அடித்த கொண்டி பிடுங்கிக்கொண்டு கதவு திறந்தது. முதலில் நுழைந்தது கோமதி. "அக்கட்டால நில்லுங்க, யாரும் வராதீங்க" என்று கத்தி, தன் துண்டை என் மேல் போட்டாள். அப்புறம்தான் மகனைக் கூப்பிட்டாள்.

நாமக்கல்லில் எக்ஸ்ரே. எலும்புக்கு ஒன்றுமில்லை. இரவு வலி. ரசம் சோறு.

ஆவணி 7, சனி.

சரோசா சட்டம் போடுகிறாள்.
எண்ணெய் கூடாது.
அரப்புக் கூடாது, ஷாம்பு.
தாழ்ப்பாள் கூடாது.
குளிப்பாட்ட ஒரு பொம்பளை ஆள்.

"ஏன், பொணத்துக்கா ஆள் வெக்கறே? அதுக்கு இன்னும் நாள் கெடக்குது" என்றேன்.

"ஏம்மா, உன்ற நல்லதுக்குத்தானே சொல்றேன்."

என் மாமியார் முன்னால்கூட நான் மாராப்பு விலகி நின்றதில்லை. பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டித்தான் குளிப்பேன். எழுபத்தாறு வயதில் எவளோ வந்து முதுகு தேய்ப்பாளாம்.

மத்தியானம் நான் கண் அசந்தபோது திருப்புளி எடுத்து, கதவில் மிச்சமிருந்த தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். கழற்றியதோடு விட்டாளா, கைப்பையில் போட்டு ஊருக்கே கொண்டுபோய்விட்டாள். பஸ் ஏறிய பிறகு போனில் சொல்கிறாள். சிரிப்பு வேறு.

ஆவணி 8, ஞாயிறு. வெயில்.

குளிக்கவில்லை. முடியாமல் இல்லை. கதவு சாத்தாத இடத்தில் குளிக்க மாட்டேன். செல்வராசுவிடம் சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"தாப்பா வர்ற வரைக்கும்."

கோமதி சுடுதண்ணீரும் துணியும் கட்டிலருகில் வைத்துவிட்டுப் போனாள். பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளோடு நேராகப் பேசி மூன்று வருடம். காரணம் அந்தக் கல். குளிக்கிற இடத்தில் கிடந்த கொத்துக்கல், என் வீட்டுக்காரர் கிணற்று மேட்டிலிருந்து வண்டியில் ஏற்றிவந்தது. எத்தனை எண்ணெய் பட்டாலும் காலைக் கவ்விப் பிடிக்கும். சரோசா பெற்ற பேரன் காதுகுத்துக்கு வீட்டை அழகு பண்ணினார்கள். எருமப்பட்டிக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கல்லை உடைத்து, சுவருக்கு ஒட்டுகிற பளபளா டைல்ஸைத் தரையில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் இருந்தவள் கோமதி. அன்றைக்கு மூடின வாய்.

ஆவணி 9, திங்கள்.

செல்வராசு கைப்பிடிக்கென்று ரிக் பைப் ஒன்று கொண்டுவந்தான். என் தொடை மொத்தம்.

"இதைப் புடிக்கறதா, கட்டிப்புடிக்கறதா சாமி?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லியாக வாங்கி வரப் போனான்.

ஆவணி 10, செவ்வாய். எண்ணெய்க் குளியல் போச்சு. தலை அரிக்கிறது.

சரோசா போன். செல்வராசு ஸ்பீக்கரில் போட்டான். கோமதி பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்லைப் பேத்ததுனாலதான்டி நான் உழுந்தேன்" என்றேன், கோமதிக்குக் கேட்கட்டும் என்று.

"அந்தப் பாசி புடிச்ச கல்லா? நாந்தான் கொத்தனாருகிட்டச் சொல்லி ஒடைக்கச் சொன்னேன். காதுகுத்துக்கு என்ற மாமியார் வூட்டு ஆளுக வராங்க, அவிக முன்னால அது அசிங்கமா இருக்காதா?"

முறம் நின்றுவிட்டது. நான் போனை அமுக்கச் சொன்னேன்.

"நீ ஏன் புள்ளே சொல்லலே?" மூன்று வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து அவளுக்கு.

"சொன்னா நம்பியிருப்பீங்களாங்கத்தை? நாத்தனாரைக் காட்டிக் குடுத்துப்போட்டு நான் இந்த ஊட்டுல குடியிருக்கறதுங்களா?"

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பருப்பில் கல் கிடக்குது பார் என்றேன்.

ஆவணி 11, புதன். சாயங்காலம் மழை.

கோமதி கட்டுத்தறிக்குக் கூட்டிப்போனாள். மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு கல். தினம் பார்க்கிற கல்தான். புரட்டினால் கொத்தின முகம். என் கல், பாதி.

"தூக்கி எறிய மனசு வல்லீங்க. கவுத்துப் போட்டு வெச்சேன்."

மாட்டுக்குத் தவிடு வைத்தேன். வேறு என்ன செய்ய.

ஆவணி 12, வியாழன்.

கொத்தனார் வந்தார். டைல்ஸைப் பெயர்த்து, கால் தடுக்காமல் தரை மட்டத்துக்குக் கல்லைப் பதித்தார். கைப்பிடியைச் சுவரில் துளைபோட்டு முடுக்கினார். செல்வராசு தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. முக்காலி ஒன்று. சரி, அதில் உட்காருகிறேன். கிழவி ஆனதை ஒத்துக்கொள்கிறேன், செத்ததை அல்ல.

தாழ்ப்பாளுக்குத்தான் சண்டை. போட்டால் உள்ளே வர முடியாது என்கிறான் மகன். போடாவிட்டால் நான் குளிக்க மாட்டேன். கோமதி கன்றுக்குட்டிக் கயிற்றை எடுத்துவந்தாள். ஒரு முனை கதவுப் பிடியில். இன்னொன்றை உள்ளே சுவர்க் கைப்பிடியில் நானே கட்ட வேண்டும். ஏதாவது ஆனால் வெளியிலிருந்து கதவு இடுக்கில் அருவாளை விட்டு அறுத்துவிடலாம்.

"கயிறு உங்க கையில, அருவா என்ற கையிலங்கத்தை."

ஆவணி 13, வெள்ளி. நல்ல வெயில்.

எண்ணெய் வைத்தேன். அரப்புத் தேய்த்தேன். கயிற்றை நானே கட்டினேன். கல் காலைப் பிடித்துக்கொண்டது.

வெளியே கோமதி. "ஏனுங்கத்தை, சத்தத்தையே காணோம்?"

"முதுகு தேய்க்கறேன். அருவாளைக் கீழ வெய்யி."

குளித்து வந்து தலை துவட்டும்போது சரோசா போன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம், ஷாம்பு வாங்கிக்கொண்டு. "கோவமாம்மா?" என்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

கொத்தனாரை மன்னித்தாயிற்று, சொன்னதைச் செய்தவர். தொடை மொத்தப் பைப்புக்குச் செல்வராசையும். தாழ்ப்பாள் போனால் போகட்டும், கல்லும் பாதி வந்துவிட்டது. மூன்று வருடமாக மாதா மாதம் வந்து, ஊமையாக நின்ற கோமதி கையால் சோறு வாங்கித் தின்று, என் பக்கத்தில் உட்கார்ந்து "அவ கெடக்கறாம்மா" என்று சொன்ன வாய் இருக்கிறதே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெற்ற வயிறு சொன்னாலும் மாட்டேன்.

சரோசா.