நண்டை உடைக்காத மாப்பிள்ளை

வாழவந்தி நாடு
ஈசுவர வருஷம், புரட்டாசி 18

என் கண்ணு அம்சவேணிக்கு உன் அய்யன் அர்த்தனாரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம். அங்கே மண்டபம் ஊரில் நீயும் மாப்பிள்ளை மாணிக்கமும் உங்கள் கடலும் சுகமாக இருக்கவேண்டும் என்று அறப்பளீசுவரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மிளகு விற்கப் போன ராசு, காளப்பநாயக்கன்பட்டியில் உன் கடிதத்தை வாங்கிவந்து நேற்றுக் கொடுத்தான். உன் அம்மா ஊரில் இல்லை. சாமை அறுப்புக்கு ஆள் போதவில்லை என்று குண்டூர் நாட்டில் இருக்கும் தன் தங்கை பொன்னாயி வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. அதனால் நான் மட்டும் படித்தேன், படித்துவிட்டு வந்த சிரிப்பை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அங்கே ரயில் பாதையில் வேலை கிடைத்து நீ மலை இறங்கியபோது கடல் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுது என்று சொல்லி அனுப்பினேன். இன்றுவரை ஒரு வரி இல்லை. நண்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். தூண்டிலுக்கு எல்லா நண்டும் ஆகாதாம், பழைய ஓட்டைக் கழற்றிப்போட்டுப் புது ஓடு இறுகாமல் மெத்தென்று இருக்கும் நண்டுதான் மீனுக்குப் பிடிக்குமாம், தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறை இடுக்கில் தேடவேண்டுமாம், ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள்வரை உயிரோடு இருக்குமாம், பிறகு கொடுக்கையும் காலையும் ஒடித்து மேலோட்டைப் பெயர்த்துச் செவுளைச் சுரண்டி எறிந்துவிட்டு இரண்டாக வெட்டவேண்டுமாம், கால் ஒடிந்த துவாரத்தில் தூண்டில் முள்ளை விட்டு முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வாங்கி மேலே நூலால் நாலு சுற்றுச் சுற்றினால்தான் பொடி மீன்கள் கொத்திப் பிடுங்காமல் விளைமீனும் கலவாவும் வரும்வரை தாங்குமாம். அடி அம்மா, இங்கே இருந்தவரைக்கும் களி கிண்டச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட பெண்தானா நீ!

படித்ததும் எனக்கும் கை அரித்தது. நம் ஓடையில் இல்லாத நண்டா என்று இன்று காலை கிளம்பிப் போனேன். ஓடு கழற்றிய நண்டு வேண்டுமே, கல்லைப் புரட்டிப் புரட்டி இடுப்பு விட்டுப்போயிற்று, பதினோராவது கல்லுக்கு அடியில் ஒன்று அகப்பட்டது. நீ எழுதியபடியே வெட்டி, உன் அம்மா ரவிக்கை தைக்க வைத்திருந்த நூலை எடுத்துச் சுற்றி (இதை அவளுக்கு எழுதிவிடாதே) மடுவில் போட்டேன். ஐந்து முறை போட்டேன், ஐந்து முறையும் மீன் வரவில்லை, வேறு நண்டுகள் வந்து அந்த நண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டுப் போயின. கடைசியில் நூலையும் அறுத்துக்கொண்டு போய்விட்டன. உங்கள் கடலில் நண்டுகளுக்குள் ஒற்றுமை இருக்கும்போல.

ஆனால் நான் வாய்விட்டுச் சிரித்தது கடைசிப் பக்கத்துக்குத்தான். ஆடி மாதத்திலிருந்து மாப்பிள்ளை நண்டை உடைப்பதில்லை, முள்ளைக் கையால் தொடுவதும் இல்லை, பக்கத்துக் குடிசைச் சூசைதான் எல்லாம் செய்கிறார், இவர் பாறைமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார், கோழி வாங்கினால்கூடச் சூசைதான் வந்து அறுத்துக் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணப் பந்தலில் காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்திய கதையை மூன்று தடவை சொன்னவர் ஆயிற்றே இவர்! குண்டூர் நாட்டுக்காரர்களின் வீரமெல்லாம் மலைமேல் மட்டும்தானா? நண்டு எந்த விரலைக் கடித்தது என்று கேட்டு எழுது. வெட்கப்படவேண்டாம் என்று சொல், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டால் வீக்கம் வடிந்துவிடும், பயம் வடிய மருந்து என்னிடம் இல்லை.

புரட்டாசி 20

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன், வீட்டில் வேறு காகிதம் இல்லை. உன் அம்மா நேற்றுச் சாயங்காலம் வந்தாள். வந்ததும் வராததுமாக முறத்தை எடுத்துச் சாமை புடைக்க உட்கார்ந்துகொண்டு, கடுதாசியைப் படிங்க என்றாள். படித்தேன். நண்டைப் பிடிப்பதும் வெட்டுவதும் வந்தபோது, இந்தக் கழுதைக்கு இத்தனை தெரியுதா என்று சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் முறம் நின்றுவிட்டது. அதை மறுக்காப் படிங்க என்றாள், படித்தேன். எந்த மாசத்திலிருந்துன்னு எழுதியிருக்கா என்றாள், ஆடி என்றேன். விரலை விட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள் பார், முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. ஏனுங்க, உங்க மண்டையில என்னதான் இருக்குது, ஊட்டுக்காரி முழுகாம இருந்தா ஆம்பள ஒரு உசுரையும் கொல்லக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சின்னப் புள்ளைக்கும் தெரியுமே, அந்தப் பையன் பயந்துக்கிட்டா ஒதுங்கி உக்காந்திருக்கறான் என்றாள்.

நீ வயிற்றில் இருந்த பத்து மாசமும் நானும் அப்படித்தான் இருந்தேன், கண்ணு. நோன்புக்குக் கோழி அறுக்க உன் மாமனைக் கூப்பிட்டேன், காட்டில் குறுக்கே போன பாம்புக்குக்கூட வழிவிட்டு நின்றேன். அதையெல்லாம் அடியோடு மறந்துவிட்டு மாப்பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டேன். நீ சொன்ன வார்த்தை எல்லாம் எனக்குப் புரிந்தது, சொல்லாததை உன் அம்மா படித்துவிட்டாள், அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

நீ ஏன் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும். முன்னே இரண்டு தடவையும் முதல் மாதமே எழுதினாய், உன் அம்மா நாடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள், இரண்டு தடவையும் இன்னொரு கடிதம் எழுதவேண்டியதாகிவிட்டது உனக்கு. மூன்றாவதாக ஒன்று எழுதக் கை வருமா? உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். போன வருஷம் வந்த அந்தக் கடிதத்தை நான் உன் அம்மாவுக்கு உள்ளபடி படிக்கவில்லை. பிள்ளை தங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நான் எதற்கு இருக்கிறேன் என்று தெரியவில்லை அய்யா என்று நீ எழுதியிருந்த இடத்தில், அங்கே நல்ல மழை, கருவாடு விலை ஏறிவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் படித்தேன். அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். உண்மையில் தாங்கமுடியாதவன் நான்தான். நேற்று அவள் சொல்கிறாள், அதுல பாதி நீங்களாச் சொன்னதுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க, எம் புள்ள கருவாட்டு விலையை எழுதற நெலமையிலயா இருந்திருப்பா என்று. ஒரு வருஷமாக எனக்காகத் தெரியாதவள்போல இருந்திருக்கிறாள்.

இப்போது அவள் கிளம்புகிறாள். காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையைத் தாண்டிப் போகாதவள், நாமக்கல்லில் பஸ் ஏறித் திருச்சியில் ரயில் பிடித்து வரப்போகிறாள், துணைக்கு நானும் வந்து விட்டுவிட்டுத் திரும்புவேன். நாம் நினைக்கிறபடி இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். இல்லைன்னா எம் புள்ளையப் பாத்துட்டு வாரேன், அதுக்கு என்னங்க என்றாள். பிறகு, இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ எதுவும் கடுதாசியில வர வேண்டாமுங்க, நான் பக்கத்துலயே இருந்துக்கறேன் என்றாள். நான் எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன்.

ஆகவே சாமை அரிசி, தேன், நாரத்தங்காய் ஊறுகாய், உன் அம்மா, எல்லாம் ஐப்பசி முதல் வாரம் வந்து சேரும். இவ்வளவு தண்ணீரையும் சும்மாவா விட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு வரப்புக் கட்டி நெல் போடக்கூடாதா என்று அவள் கடலைப் பார்த்துக் கேட்பாள், சூசை முன்னால் சிரித்துவிடாதே. அதுவரை தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, வழுக்குப் பாறைப் பக்கம் போகாதே, வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடு, பிடிக்காவிட்டாலும் இரண்டு வாய் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் தங்கமான மனிதர் என்று நான் எழுதியதாகச் சொல், முதல் பக்கத்தை மட்டும் காட்டாதே. அறப்பளீசுவரர் உன்னையும் உன் வயிற்றில் இருக்கும் உயிரையும் காப்பாற்றுவார். நாங்கள் வரும் ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்தால் போதும், நீ அலையவேண்டாம்.

ஒட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துக்காட்டச் சொன்னாள் உன் அம்மா. படித்தேன். போன வருஷத்துக் கடிதத்தையும் எடுக்கச் சொன்னாள். அதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தேன், சாமி.

இப்படிக்கு,
உன் அய்யன்
அர்த்தனாரி