இருபத்திரண்டாவது டம்ளர்

ஜூன் 3, திங்கள்

பால் டம்ளர் ஒன்று குறைந்தது. இன்று முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருபத்திரண்டு. தட்டில் வந்த டம்ளர் இருபத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன். சமையலக்காவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். சேவைக்கு வந்தவள் என்பதால் எனக்கும் ஒரு டம்ளர் தனியாகக் கொடுத்திருந்தார். அதைக் கடைசியில் இருந்த குட்டிப் பெண்ணிடம் நகர்த்தினேன். இரண்டு கையாலும் பிடித்து, மூக்கில் நுரை ஒட்டக் குடித்தாள்.

இளைஞர்களுக்கான தேசிய சேவைத் திட்டத்தில் எனக்கு இது முதல் நாள். ஒரு வருஷம் இந்தப் பாலர் பள்ளியில்தான். காலையில் கிளம்பும்போது அண்ணன், "அங்கயாவது வாயைத் திற. முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது" என்றான். திறந்தேன், கொட்டாவி விட.

ஜூன் 5, புதன்

இன்றும் ஒன்று குறைவு. இன்றும் என் டம்ளர்.

ஜூன் 7, வெள்ளி

அந்தக் குட்டி என்னை விடுவதில்லை. பெருக்கினால் துடைப்பத்தின் பின்னால் வருகிறாள். பாய் சுருட்டினால் பாயோடு சேர்ந்து சுருண்டுகொள்கிறாள். சமையலக்கா 'ஒட்டுப்புல்' என்று பெயர் வைத்துவிட்டார். அலுவலகத்தில் பெயர் பதிந்து, அவளும் திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தவள். அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. நான் கதவைத் திறக்கும் நேரத்துக்கே சைக்கிளில் வந்து இறக்கிவிட்டுப் பறந்துவிடுகிறார். டீச்சர் வருவது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. சாயந்திரம் அம்மா வருவதற்குள் டீச்சர் கிளம்பிவிடுகிறார்.

ஒட்டுப்புல் பேசுவதே இல்லை. எனக்கு அது வசதிதான். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் ஒன்றாக இருக்கிறோம்.

மதியம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "சின்னதை வீட்ல விட முடியலன்னா பரவால்ல, கூட்டிட்டு வா. நான் கண்டுக்க மாட்டேன்" என்றார். எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. தலையாட்டினேன். புரியாவிட்டால் தலையாட்டிவிடுவது என் பழக்கம்.

ஜூன் 12, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

வழக்கமாக வருகை எடுக்கும் நேரத்தில் நான் முற்றத்தில் இருப்பேன். இன்று மழை, உள்ளே நின்றேன். டீச்சர் ஒற்றை ஆள், நாலு ஆள் வேலை. மடியில் பதிவேடு, ஒரு கையில் போன். ஒன்பது மணிக்குள் எண்ணிக்கையை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தலை நிமிராமல் பெயரை மட்டும் கூப்பிடுகிறார். "உள்ளேன் டீச்சர்" என்று யார் கத்துகிறார்களோ அவர்களுக்கு டிக்.

ஒட்டுப்புல்லின் பெயர் வந்தது. அவள் விரலைத் தூக்கினாள். ஒரே ஒரு விரல். டீச்சர் பார்க்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். சமையலறைப் பலகையில் 21 என்று எழுதினார். அக்கா பலகையைப் பார்த்துத்தான் பால் ஊற்றுகிறார்.

அந்த விரலை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் ஐம்பத்தெட்டுப் பேர். நான் சொன்ன 'உள்ளேன்' மூன்றாவது பெஞ்சைத் தாண்டிப் போனதே இல்லை. வருஷக் கடைசியில் வருகை போதாது என்று பரீட்சை எழுத விடவில்லை. ஒரு நாள் விடாமல் போனவள் நான். அப்பா, "இத்தனை நாளும் எங்கடி போன?" என்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

நாளைக்கு டீச்சரிடம் சொல்லிவிடுவேன்.

ஜூன் 13, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

டீச்சருக்குத் தலைவலி. அதனால் சொல்லவில்லை. — பொய். தலைவலி மத்தியானம்தான் வந்தது. காலையில் நன்றாகத்தான் இருந்தார்.

ஜூன் 20, வியாழன்

காலையில் ஒட்டுப்புல்லின் அம்மா சைக்கிளை விட்டு இறங்கினார். கையில் அலுவலகக் கடிதம். தொடர்ந்து பதினைந்து நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கி, காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்கு இடம் கொடுப்பார்களாம். நாளையோடு பதினைந்து. மேற்பார்வையாளர் நாளை நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறார்.

"எம்புள்ள தெனமும் வருதேம்மா. நீதான கதவைத் தொறக்கற?" என்றார். "நாளைக்கு நான் லீவு கேட்டா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க. இங்க இடம் போச்சுன்னா இவளை எங்க விட்டுட்டு வேலைக்குப் போவேன்? நீ சொல்லிடுவியா?"

தலையாட்டினேன். இந்த முறை புரிந்துதான் ஆட்டினேன்.

டீச்சரிடம் போய் நின்றேன். "என்ன?" என்றார். "சாக்பீஸ்" என்றேன். கொடுத்தார். வந்துவிட்டேன். ச்சீ.

ஜூன் 21, வெள்ளி

இன்றே எழுதிவிட வேண்டும்.

மேற்பார்வையாளர் பத்து மணிக்கு வந்தார். நரைத்த முடி, பெரிய கைப்பை, வேகமான ஆள். பதிவேட்டைப் புரட்டினார். டீச்சர், "இந்த ஒரு பிள்ளை மட்டும் சேர்ந்ததோட சரி மேடம், மூஞ்சியே காட்டல" என்றார். அந்த மூஞ்சி என் காலைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

நான் பேசத்தான் போனேன். கால்தான் போனது. போய், பதிவேட்டின் மேல், அவள் பெயர் இருந்த இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டேன்.

"கையை எடும்மா."

"எடுக்க மாட்டேன்."

அது என் குரலா? என் குரல்தான். அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. அவ வந்தா, தெனமும் வந்தா, விரலைத் தூக்கினா, யாரும் பாக்கல, பதினஞ்சு நாளும் என் பாலைத்தான் குடிச்சா, வேணும்னா இருங்க, எண்ணிப் பாருங்கன்னு என்னென்னவோ சொன்னேன். மேற்பார்வையாளர் பேனாவை வைத்துவிட்டு, பாயைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார். இருபத்தொன்று. பிறகு என் காலைப் பார்த்தார். இருபத்திரண்டு.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இது உன் தங்கச்சின்னுல்ல நெனச்சேன்."

சமையலக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "நான் டீச்சரோட அண்ணன் பொண்ணுன்னு நெனச்சேன்" என்றார்.

"நல்லா நெனச்சீங்க போங்க. ஒருத்தர் கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் மேற்பார்வையாளர். அவர் சொன்னது எனக்கும்தான். பதினைந்து கட்டத்திலும் அவரே டிக் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பதினைந்து கையெழுத்து. நான் எண்ணினேன்.

சாயந்திரம் ஒட்டுப்புல்லின் அம்மா சைக்கிளோடு வாசலில் நின்றார். நான் சிரித்தேன். அவர் பிள்ளையை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

டீச்சர் மூன்று நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "நீ அன்னிக்கே வாயைத் தொறந்திருந்தா இவ்வளவு வந்திருக்குமா?"

"நீங்க தலையைத் தூக்கியிருந்தாலும் வந்திருக்காது டீச்சர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "பேச ஆரம்பிச்சதே சண்டைக்குத்தானா? சரி, வழியையும் நீயே சொல்லு."

சொன்னேன். இரண்டு வாரமாக மனதுக்குள் வைத்திருந்த வழி. வாசலில் ஒரு பலகை. அதில் இருபத்திரண்டு டம்ளர், எல்லாம் கவிழ்த்து. ஒவ்வொன்றிலும் ஒரு படம். வருகிற பிள்ளை தன் டம்ளரை நிமிர்த்திவிட்டு உள்ளே வர வேண்டும். நிமிர்ந்ததை எண்ணினால் வருகை. நிமிர்ந்ததில் ஊற்றினால் பால். கத்துகிறவர்கள் கத்தட்டும், கத்தாவிட்டாலும் பால் உண்டு.

ஜூன் 28, வெள்ளி

படம் வரைந்து முடித்தேன். சமையலக்காவின் நகப்பூச்சு ஒரு குப்பி காலி. யானை, குடை, மீன், சாவி... ஒட்டுப்புல்லுக்கு ஒரு விரல் வரைந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

குடை டம்ளர்க்காரன் அவசரத்தில் விரல் டம்ளரை நிமிர்த்தப் போனான். பின்னாலிருந்து ஒரு குரல்:

"டேய். அது என்னோடது."

டீச்சர் பேனாவைக் கீழே போட்டார். அக்கா அடுப்பை விட்டு ஓடி வந்தார். ஒட்டுப்புல் எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். டம்ளரை நிமிர்த்தினாள். போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் இன்று முழுக்க ஒரு சொல் இல்லை. தேவையும் இல்லை.

ஜூலை 15, திங்கள்

மேற்பார்வையாளர் வந்தார். பலகை முன் வெகுநேரம் நின்றார். இன்னும் பதினொரு பாலர் பள்ளிகளில் இதையே வைக்கப் போகிறார்களாம். இருபத்தேழாம் தேதி சேவைக்காரர்கள் எல்லாரும் கூடும் மண்டபத்தில் நான்தான் விளக்க வேண்டுமாம். அறுபது பேர். மேடை. ஒலிபெருக்கி.

தலையாட்டிவிட்டேன். கடவுளே.

ஜூலை 26, வெள்ளி

அண்ணனை உட்கார வைத்து ஐந்து முறை பேசிக் காட்டினேன். ஆறாவது முறை அவன் எழுந்து, "தாயே, முத்து வீடு பூரா உதிர்ந்து கெடக்கு, கால் வெக்க எடமில்ல" என்றான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் படுக்கப் போகும்போது, "ஒன்பதாங் கிளாஸ்ல நீ தெனமும் போனியாம்மா?" என்றார்.

"போனேன்பா. தெனமும்."

அவர் என் தலையில் கை வைத்தார்.

ஜூலை 27, சனி

மே மாதம் சேவைப் பயிற்சி முகாமில், நான் உள்ளே இருக்கும்போதே, என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டு, வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இன்றும் அதே மண்டபம், அதே ஆள், அதே பட்டியல். நான் கடைசி வரிசை.

என் பெயர் வந்தது.

"உள்ளேன்" என்றேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டம்ளர் பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தேன்.