வெளுத்த நான்கு தாள்கள்

மாயாபந்தர்,
3.3.2012

அன்புள்ள உமாவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் குறைந்ததா? போனில் நீ எதைக் கேட்டாலும் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாம் தேதிக் கப்பலில் நான் வரவில்லை.

கிழித்துப் போடாமல் மேலே படி. கப்பல் நிற்கும் ஜெட்டியின் டீசல் புகை எவ்வளவு, வயலில் வைக்கோல் எரிக்கும் புகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதானே என் ஆராய்ச்சி? வாடகை வீட்டு மாடியில் கருவியை வைத்து, மூன்று மாதமாக தினமும் காலையில் அதில் புகைக்கரி படியும் வடிகட்டித் தாளை மாற்றினேன். எல்லாத் தாளும் கரிக்கட்டை. பேராசிரியருக்கு ஏக சந்தோஷம்.

கீழ்வீட்டு நீலாவதி அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். சிலோன் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து, சுனாமியில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவர். நாள் முழுக்க இந்தி பேசும் எனக்குத் தமிழ் பேச அவர் ஒருவர்தான், காலைச் சாப்பாடும் அவர் கையால்தான். போன மாதம் அவர் நான்கு நாள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பிஸ்கட் தின்றேன். அந்த நான்கு நாளும் தாள் வெளுத்துக் கிடந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். என் கருவிக்கு நேர் கீழே விறகடுப்பு. தனக்கு மட்டும் என்றால் பழைய சோறு போதுமாம். மாடித் தம்பி நான் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக் கூடாதென்று விடிகாலையில் ரொட்டி சுட்டிருக்கிறார். மூன்று மாதமாக நான் அளந்தது என் சாப்பாட்டுப் புகையை. என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல?

வாயை மூடிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. முடியவில்லை உமா, பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். மே மாத மழைக்குள் முதலிலிருந்து அளக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் கணக்கு அறுந்துபோகும், எனக்குப் பதில் செய்ய இங்கே ஆளில்லை.

அக்காவிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பு மூட்டுவதையே நிறுத்திவிடுவார். கருவியைத்தான் அடுப்புப் புகை எட்டாத ஒரு மேட்டுக்கு மாற்றினேன். ஜெட்டியில் என்னை துவான்வாலா, அதாவது புகைக்காரன், என்கிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஒருவருமில்லை. சாயங்காலமானால் அழுகை வருகிறது.

அடுத்த மாதம் உனக்கு வலி கண்டால், வராதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று உன் அண்ணனைத் தடுத்துவிடாதே. உடனே போன் செய்யச் சொல். என்னால் வந்து சேர முடியாது. ஆனால் நீ வலியில் துடிக்கும்போது நான் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

நீயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன்,
முத்துகிருஷ்ணன்