ஈர்க்குச்சியைப் படுக்க வைத்தது

செப். 21, ஞாயிறு. புழுக்கம்.
வந்தவர்கள்: மல்லிகா (செடி நர்சரியில் கான்ட்ராக்ட் வேலை), எதிர் குவார்ட்டர்ஸ் ஜெயா. என்னோடு மூணு பேர். மூணு பேருக்கும் பத்தாவது தனித்தேர்வு. புதன் கணக்கு. மல்லிகாவுக்கு இது மூணாவது தடவை. பாஸானால்தான் மேஸ்திரி வேலை.

இன்று: வரைபடம் பார்த்து சார்பா, வெறும் உறவா சொல்வது. என் பழைய புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. நானே யோசித்து, என் வீட்டுக்காரருடைய ஷிப்ட் நோட்டைக் காட்டினேன். ஒரு தேதிக்கு ஒரே ஷிப்ட் என்றால் சார்பு. தேதி மேல் ஈர்க்குச்சியைப் படுக்க வை. பக்கத்து ஷிப்ட் கட்டங்களில் ரெண்டு டிக் தொட்டால் வெறும் உறவு.

ஜெயா: "எங்க வீட்டுக்காரர் பாதி நாள் டபுள் டூட்டி. அப்ப அவரு சார்பு இல்ல."

மல்லிகாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. வரைபடத்திலும் குச்சியைப் படுக்க வைத்தோம். கிண்ணம் மாதிரி வளைவு, ரெண்டு இடம் தொட்டது. "சார்பு இல்லக்கா. புரிஞ்சிகினேன்" என்றாள் மல்லிகா.

22, திங்கள். மேகம் மட்டும்.
காலைப் பூசை. ரேஷன் அரிசியில் கல். நேற்றைய கிண்ண வளைவை, x-இன் வர்க்கம், திரும்பப் போட்டுப் பார்த்தேன். 2-க்கு 4, -2-க்கும் 4. ஒவ்வொரு x-க்கும் ஒரே விடைதானே? குச்சி ஏன் சார்பு இல்லை என்கிறது? சாம்பாரில் உப்பு ரெண்டு தடவை.

23, செவ்வாய். வெயில்.
மாதா கோயில் நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்தது. குச்சி நிமிர்ந்து நிற்கணும். ஷிப்ட் நோட்டில் தேதி மேலிருந்து கீழே இறங்குகிறது, வரைபடத்தில் x குறுக்கே போகிறது. அது தோன்றவில்லை எனக்கு. தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஜெயாவிடம் ஓடினேன். "எனக்கு அது அன்னிக்கே புரியல. நீ காபி குடி."

மல்லிகா நேற்றே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், முத்தாண்டிக்குப்பம். போன் ஸ்விட்ச் ஆஃப். நாலு தடவை. தெரியாமல் சொன்னதும் பொய்தானா, ஆண்டவரே. செபமாலை எந்த மணியில் விட்டேன், தெரியவில்லை.

மாலை. ஷிப்ட் முடிந்து ஊருக்கு பஸ் ஏற நின்ற அவள் அண்ணனிடம் சீட்டு கொடுத்தேன். "பரீட்சைக்குப் பிட்டாங்க இது?" என்று சிரித்தார். எழுதியது:

"மல்லிகா, நான் சொன்னது தப்பு. குச்சியை நிமிர்த்தி வை. எங்கே வைத்தாலும் ஒரு இடத்துக்கு மேல் தொடாவிட்டால் சார்பு. ஒரு இடத்திலாவது ரெண்டு தொட்டால் வெறும் உறவு. கிண்ணம் சார்புதான். படித்ததும் அண்ணன் போனிலிருந்து கூப்பிடு."