உதவ வருபவர்

செப்டம்பர் 2, செவ்வாய்

நகராட்சியின் ஆபத்துக் கணக்கெடுப்புக்காக இன்று கால்வாய்த் தெருவில் இருபத்து மூன்று வீடுகள் ஏறி இறங்கினேன். கால் இரண்டும் கெஞ்சுகின்றன.

வெள்ளம், தீ, மின்சாரம், கட்டடம் என்று படிவத்தில் நான்கு தலைப்புகள். நடக்கும் வாய்ப்புக்கு அதிகபட்சம் ஐந்து மதிப்பெண், நடந்தால் வரும் சேதத்துக்கு அதிகபட்சம் ஐந்து மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் அந்த வீட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துவிடும். பயிற்சியில் எங்கள் பொறியாளர் சொன்னபோது சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரிதான் இருந்தது. வாசலில் நின்று கேட்கும்போதுதான் ஆளுக்கு ஒரு கணக்கு இருப்பது தெரிகிறது. மளிகைக் கடைக்காரர், "அதிக மார்க் வாங்கினா என்ன குடுப்பீங்க?" என்றார். "முதல்ல உங்கள வெளிய கூட்டிட்டுப் போவோம்" என்றேன். "அப்ப பாத்துக் கம்மியாப் போடுங்க" என்கிறார்.

ஒன்பதாம் கேள்வியில்தான் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். 'பிறர் உதவியின்றி வெளியேற முடியாதவர் வீட்டில் உண்டா?' ஒரு அம்மாள், "யாரும் இல்லம்மா, எல்லாரும் நல்லா நடப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கட்டிலிலிருந்து ஒரு குரல் தண்ணீர் கேட்டது. நான் எழுதாமல் நின்றேன். கடைசியில், "எழுதினா ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவாரோ?" என்று கேட்டார். மாட்டார் என்று சொல்லி எழுதிக்கொண்டேன். மாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 3, புதன்

அச்சகத்துச் சந்தின் அகலத்தை நாடா வைத்து அளந்தேன். தீயணைப்பு வண்டி அதற்குள் மூக்கை மட்டும் நுழைக்கலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அக்காவின் வீட்டுப் படிவத்தை இன்று முடித்தேன். கால்வாய்த் தெருவில் கடைசி வீடு, கீழ்த்தளம், கால்வாய்ச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி. பேருந்து விபத்தில் அவள் கால்கள் செயலிழந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சக்கர நாற்காலி வீட்டுக்குள் எல்லா இடமும் போகும். வாசலில் மூன்று படிகள் இருப்பதால் அதோடு நின்றுவிடும்.

வெள்ளத்துக்கு வாய்ப்பு ஐந்து, சேதம் ஐந்து. "இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சா! பள்ளிக்கூடத்துல கூட நான் இப்படி எடுத்ததில்லடி" என்று சிரித்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனிக்காக, வீட்டிலிருந்தபடியே போனில் புகார் கேட்பது அவள் வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டுவதைத் தேன் ஒழுகக் கேட்டுக்கொள்வாள். என்னிடம் பேசும்போது அந்தத் தேனுக்கு விடுமுறை.

பத்தாம் கேள்வி, 'உதவ வருபவர்'. "தங்கைன்னு போடு. இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்கறியே." போட்டேன். என் போன் எண்ணையும் எழுதினேன். இருபது நிமிட வண்டிப் பயணம், அதையும் எழுதினேன். எல்லாம் சரியாக எழுதிய திருப்தியோடு வந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்று வார்டுப் படிவங்களையும் கணினியில் ஏற்றி முடித்தாயிற்று. உதவ வருபவர்களைப் போன் எண் வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒரே எண் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. நாற்பத்தொரு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், பள்ளி வேன் ஓட்டுபவர்.

மதியம் அவரையே போய்ப் பார்த்தேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். விவரம் சொன்னதும் குழாயை மூடிவிட்டு வந்தார். "நாப்பத்தொண்ணா? நான் ரெண்டு வீட்டுக்குத்தாங்க சரின்னேன்! அதுவும் ஒரு வீட்டுல அவங்களா சொன்னாங்க, நான் தலையாட்டினேன்." வேனில் பதினோரு பேர் உட்காரலாம். அவர் மனைவியும் நிறைமாதக் கர்ப்பிணி.

யாரையும் குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர், வண்டி வைத்திருக்கிறார், கூப்பிட்டால் வருவார். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் தனித்தனியே சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் நாற்பத்தொரு பேர் தப்பித்துவிட்டார்கள். நிஜத்தில் முப்பது பேர் வாசலில் பெட்டியோடு நிற்பார்கள்.

நாளை முதல் நாற்பத்தொரு வீட்டுக்கும் திரும்ப நடக்க வேண்டும். கெஞ்சுகிற கால்களிடம் யார் சொல்வது?

செப்டம்பர் 18, வியாழன்

கூட்டத்தில் வேன்காரர் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர், "இதத்தான் நானும் சொல்றேன். ஒரு ஆள் ரெண்டு இடத்துல நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவசரகாலப் பணிப்பட்டியலை வாசித்தார். கட்டுப்பாட்டு அறை, தொலைபேசி இரண்டு: நான். எச்சரிக்கை வந்த நேரத்திலிருந்து அது விலகும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

சரி என்று தலையாட்டிக் கையெழுத்தும் போட்டேன். போட்ட பிறகுதான்—

மழை வந்தால் நான் இங்கே. அக்கா அங்கே. அவள் படிவத்தில் என் பெயர்.

சிரிப்பு காட்டினேனே இவ்வளவு நேரம். அந்த மனிதர் தலையாவது ஆட்டினார். நான் என் கையால எழுதி, என் கையாலயே கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கேன். ஒரு தடவை கூட மண்டையில உறைக்கலையே.

பொறியாளரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். கோபப்படவில்லை அவர். "உங்கள எடுத்துட்டு யாரப் போடறது? இங்க இருக்கற பதினாறு பேர் வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்க மேடம். எங்கம்மாவும் தனியாதான் இருக்காங்க."

என் வீட்டுக்காரர் மாதத்தில் மூன்று வாரம் லாரியோடு வெளியூர். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே வந்து இரு என்று கேட்டு, "மாடில சிறை வைக்கப் பாக்கறியா?" என்று அக்கா சண்டை போட்டு ஏழு வருடம் ஆகிறது. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எப்படி எப்படியோ சொல்ல வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். கடைசியில் வாயில் வந்தது, "மழை அன்னைக்கு நான் வர மாட்டேன்க்கா."

"வர முடியாதுன்னு சொல்லு. மாட்டேன்னு ஏன் சொல்ற?"

"முடியாதுன்னா, எப்படியாவது முடிச்சுட்டு வந்துடுவேன்னு நீ உக்காந்திருப்ப. அதான்."

சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "யாரோ ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் போன்ல வழி சொல்லப்போற. நான் மட்டும் தண்ணில கெடக்கணும்." நான் அழுதேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

வேறு யாரையாவது கேட்டு வைக்கலாம் என்றேன். ஊஹூம். "கேட்டா வர மாட்டாங்கன்னு பயம் இல்லடி எனக்கு. வந்துடுவாங்க. அப்புறம் தெனமும் வருவாங்க. என்ன சாப்பிட்ட, கால் வலிக்குதான்னு. நீ ஒருத்தி வர்றதே எனக்குப் போதும்."

செப்டம்பர் 22, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இன்றும் எடுக்கவில்லை. அவள் கம்பெனியின் புகார் எண்ணுக்கு அடித்துப் பார்க்கலாமா என்று கூடத் தோன்றியது. வேறு யாராவது எடுத்தால் என்ன புகார் சொல்வது?

செப்டம்பர் 28, ஞாயிறு

போனேன். கதவைத் திறந்தாள். காதில் மாட்டியிருந்த கருவியில் யாருக்கோ, "உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க" என்று பேசிக்கொண்டிருந்தாள். என் சிரமம் புரியவில்லை.

அவள் வீட்டுக்கு மேலே மாடியில் குடியிருக்கும் வெல்டரைப் பற்றிப் பேச்செடுத்தேன். பட்டறை பக்கத்துத் தெரு, மதியம் சாப்பிட வீட்டுக்கே வந்துவிடுகிறார், நல்ல உடல்வாகு. படிவத்தில் அவரைப் போல ஒரு ஆள் கிடைத்தால் நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "மேல்வீட்டு மகாராணியோட புருஷனா?" என்றாள். வெல்டரின் மனைவி துணி பிழியும் தண்ணீர் இவள் ஜன்னலில் விழுந்து, வார்த்தை தடித்து, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

அக்காவுக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போனேன். வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஜன்னல் தண்ணீர்ச் சண்டை, அலுவலக விதி, பதினெட்டு வருடம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான் தூக்கிட்டு வந்துடுவேங்க, அது ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க கேக்கணும். நீங்க சொல்லி நான் போய், அவங்க என்னத் தொடாதன்னு சொல்லிட்டா? அந்த அவசரத்துல நான் என்ன பண்றது?"

சரியான பேச்சு. அதனால்தான் எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இறுதிப் பட்டியல் கொடுத்தாயிற்று. உதவி தேவைப்படும் வீடுகள் நூற்றெண்பத்தேழு. வேன்காரருக்கு இப்போது நான்கு வீடுகள்தான். மற்றவற்றுக்கு வேறு ஆட்கள், எல்லோரையும் நேரில் கேட்டு எழுதியது. நூற்றெண்பத்தாறு வீடுகளுக்கு 'உதவ வருபவர்' நிரம்பியிருக்கிறது. வரிசை எண் அறுபத்து மூன்று காலி.

பொறியாளர் விரலை அங்கே வைத்து, "இது யார் வீடு?" என்றார்.

"எங்கக்கா வீடு."

அவர் தாளைத் திருப்பிவிட்டு அடுத்த பக்கம் போனார். மீட்புப் படகு அப்போது காலியாக இருந்தால் முதலில் அங்கே அனுப்பலாம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினார். படகு எங்களிடம் ஒன்றுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன், இதே நாற்காலியில், அழைப்புகள் குறைந்த நேரத்தில்.

காலை எட்டே முக்காலுக்கு எச்சரிக்கை. ஒன்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள். வரிசைப்படி உதவ வருபவர்களைக் கூப்பிட்டு, கிளம்பச் சொல்லி, 'ஏத்தியாச்சு' என்று பதில் வந்ததும் ஒரு கோடு. வேன்காரர் முதல் நடையிலேயே இரண்டு வீடுகளை முடித்திருந்தார். அச்சகத்துச் சந்தில் ஒருவரைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படகு மட்டும் மின்கம்பம் சாய்ந்த இடத்துக்குப் போய்விட்டது. அங்கே குழந்தைகள்.

அறுபத்து மூன்று வந்தது. உதவ வருபவர் இல்லை, அதனால் வீட்டு எண்ணுக்கே அடிக்க வேண்டும். அடித்தேன். வேறு இணைப்பில் இருப்பதாகச் சொன்னது. திரும்ப அடித்தேன். திரும்ப. கால்வாய் கரை தாண்டிவிட்டது என்று தொலைபேசி ஒன்றில் இருந்தவர் சத்தமாகச் சொன்னார்.

எழுந்துவிட்டேன். பையைக் கூட எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். பொறியாளர் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தொலைபேசி இரண்டு அடித்தது. பையோடு நின்றபடியே எடுத்தேன். யாரோ ஒரு பெண், அப்பாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, அதையும் தூக்க வேண்டுமா, கழற்றலாமா, எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்கிறார். அவருக்குச் சொல்லவே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. அறுபத்து நான்கு, அறுபத்தைந்து. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பாவி, பாவி என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு அழைப்பு. "தொலைபேசி ரெண்டுங்களா? கால்வாய்த் தெரு கடைசி வீட்டுலேர்ந்து பேசறோம். ஒருத்தர். மாடிக்கு ஏத்தியாச்சு. குறிச்சுக்கோங்க."

கம்பெனிக் குரல். தேன்.

"அக்கா..."

"மகாராணிக்குப் போன் போட்டேன். அதான் லைன் கெடைச்சிருக்காது உனக்கு. ரெண்டு வருஷம் பேசாதவகிட்ட எடுத்ததும் தூக்குன்னு சொல்ல முடியுமா? கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வந்தேன். அவ என்னடான்னா, பாதியிலேயே போன வெச்சுட்டு எறங்கி வந்துட்டா. அவரையும் பட்டறையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டா." மூச்சு வாங்கினாள். "அழாத. லைன்ல மத்தவங்க காத்துட்டிருப்பாங்க. வெச்சிடறேன்."

கோடு போட்டேன். தாள் கிழிந்துவிட்டது.

ஒரு மணிக்கு அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் எச்சரிக்கை விலகியது. மூன்று வார்டுகளிலும் உயிர்ச்சேதம் இல்லை. பொறியாளர்தான் அறிவித்தார். அவர் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மேலே அழைத்துப் போயிருந்தார்கள்.

அக்கா வீட்டைக் கழுவினோம். நானும் வெல்டரின் மனைவியும். சேற்றை வாரிக்கொண்டே அவர், "ஜன்னலுக்கு ஒரு தகடு அடிக்கச் சொல்லியிருக்கேன், தண்ணி சொட்டாது" என்றார். அக்கா மாடியிலிருந்து மேற்பார்வை. ஒரு மூலை விடாமல் காட்டிக் கொடுக்கிறாள்.

நான் அன்று எழுந்து நின்றதை அவளிடம் சொல்லவில்லை. உட்கார்ந்ததையும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எப்போதும் போலப் பத்தரைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பதினெட்டு வருடத்தில் அந்தக் கதவை நான் வெளிப்பூட்டோடு பார்த்ததில்லை.

"இங்க, மேல!" என்று அக்காவின் குரல். "வர்றதுக்கு முன்னால ஒரு போன் பண்ணக் கூடாதா?"

வெல்டர் ஒரு நாற்காலியின் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயைப் பற்றவைத்துக் கைப்பிடி வைத்திருக்கிறார். அவரும் மனைவியுமாக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் பதினாறு படியும் சுலபமாம். வாரத்தில் மூன்று நாள் ஏறுகிறாளாம். அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பெரிய மரங்கள் தெரிகின்றன. இத்தனை வருடம் அங்கே இருந்தும் அவள் அவற்றைப் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதப் போகிறேன்?

மாடி ஏறி அவர்கள் வாசலில் தயங்கி நின்றேன். வெல்டரின் மனைவி விருந்தாளிக்குப் போடுவது போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கெழமையில வருவா."